ரயிலுக்கு பெயிண்ட் அடிக்கறது: நிஜ லிவரி, கற்பனை லிவரி, மாடல் ரயில் பத்தி அடிக்கடி கேட்கற கேள்விகள்

லிவரி லிவரின்னு சொல்றீங்களே, கலர்னு சொன்னா போதாதா?

போதாது. நீலம்னா அது கலர், அவ்ளோதான். லிவரின்னா எந்த நீலம், அது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, நடுவுல ஓடற கோடு எவ்ளோ அகலம், கூரை என்ன, சக்கரம் என்ன, நம்பர் எந்த மாதிரி எழுத்துல, கம்பெனி சின்னம் எந்த இடத்துல, இது எல்லாம் சேர்ந்ததுதான். அமெரிக்காவுல பென்சில்வேனியா ரயில்ரோடோட ஜிஜி1 எலக்ட்ரிக் இன்ஜின் போட்டோ பாத்திருப்பீங்க, உடம்பு முழுக்க கருப்பாவே தெரியற கரும்பச்சை, அதுல அஞ்சு மெல்லிசான தங்கக் கோடு நீளத்துக்கு ஓடி ரெண்டு மூக்குலயும் வந்து ஒண்ணா கூடும். டிசைனர் ரேமண்ட் லோவி கைவண்ணம். அந்த அஞ்சு கோட்டை எடுத்துட்டீங்கன்னா மிச்சம் ஒரு இருட்டுப் பொட்டிதான். அந்தப் பச்சையைப் பத்தி மாடல் ஆளுங்க ஒரு கிண்டல் சொல்லுவாங்க, ஒரு வாளி கருப்பு பெயிண்ட்ல பச்சையை ஒரு சொட்டு விட்டா அந்தக் கலர் வரும்னு.

நீராவி இன்ஜின் எல்லாம் ஏன் கருப்பு?

கரி, புகை, எண்ணெய். எந்தக் கலர் அடிச்சாலும் கடைசில அங்கதான் வந்து நிக்கும், அதனால முதல்லயே கருப்பு அடிச்சிட்டா செலவு மிச்சம். கூட்ஸ் இன்ஜினுக்கு யாரும் துடைக்கற ஆள் போட மாட்டாங்க. போர்க்காலத்துல எக்ஸ்பிரஸ் இன்ஜினும் கருப்பாயிடுச்சு, ஆள் இல்ல, பெயிண்ட் இல்ல.

அப்போ சீக்கிரம் அழுக்காகற வெள்ளி, சிவப்பு எல்லாம் எதுக்கு அடிச்சாங்க?

காட்டறதுக்குத்தான். 1930-கள்ல கார், பஸ், விமானம் எல்லாம் போட்டிக்கு வந்துடுச்சு, ரயில் பழசு இல்லன்னு ஜனங்களுக்குக் காட்டணும். இங்கிலாந்துல எல்என்இஆர் கம்பெனி 1935-ல சில்வர் லிங்க்னு ஒரு இன்ஜினை முழுக்க சாம்பல்-வெள்ளி ஷேடுல விட்டாங்க, மொத்த ரயிலும் அதே கலர். அப்புறம் சில்வர் லிங்க் சேர்ந்த ஏ4ங்கற இன்ஜின் வகைக்கு கார்ட்டர் புளூங்கற நீலம் வந்துச்சு, 1938 ஜூலை 3-ஆம் தேதி மணிக்கு 126 மைல் போய் நீராவி இன்ஜின் சாதனை பண்ண மல்லார்ட் அந்த நீலத்துலதான் ஓடுச்சு. போட்டிக் கம்பெனி எல்எம்எஸ் சும்மா இருப்பாங்களா, 1937-ல கொரோனேஷன் ஸ்காட் ரயிலை நீலத்துல வெள்ளிக் கோடு போட்டு இறக்கினாங்க, மூக்குல இருந்து கோடு பிரிஞ்சு பக்கவாட்டுல பாயற மாதிரி.

அதே 1937-ல அமெரிக்காவுல சான்டா ஃபே கம்பெனியோட சூப்பர் சீஃப் ரயிலுக்கு சிவப்பு-வெள்ளி "வார்பானெட்" வந்துச்சு, இன்ஜின் செஞ்சுகொடுத்த ஜெனரல் மோட்டார்ஸ்ல வேலை பாத்த லீலண்ட் நிக்கர்பாக்கர் வரைஞ்சது. முன்பக்கத்து சிவப்பு பின்னாடி வளைஞ்சு போற வடிவம், செவ்விந்தியத் தலைவரோட இறகுக் கிரீடத்தை மனசுல வெச்சு. உலகத்துலயே அதிகமா மாடல் ஆன லிவரி எதுன்னு கேட்டா என் ஓட்டு இதுக்குத்தான், பொம்மை ரயில் வெச்சிருக்கற பாதிப் பேர் வீட்ல இது ஒண்ணு இருக்கும், அந்த ரயில்வே எங்க ஓடுச்சுன்னே தெரியாம.

பெயிண்ட்டே அடிக்காம விட்டா அது லிவரியா?

தாராளமா. 1934-ல வந்த பர்லிங்டன் ஜெஃபிர் ரயில் வெறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அந்தப் பளபளப்புதான் விளம்பரம். மாடல்ல மட்டும் இது தலைவலி, வெள்ளி பெயிண்ட் அடிச்சா சாம்பல் பூசின மாதிரிதான் வரும், உலோகப் பளபளப்பு வரணும்னா அடியில பளபளப்பான கருப்பு அடிச்சு அதுக்கு மேல ரொம்ப மெல்லிசா மெட்டாலிக் விடணும்.

முன்பக்கம் மஞ்சள் அடிக்கறது அழகுக்கா?

இல்ல, உயிருக்கு. நீராவி இன்ஜின் வந்தா சத்தமும் புகையும் முன்னாடியே சொல்லிடும், டீசலும் எலக்ட்ரிக்கும் சத்தமில்லாம வந்துடும், தண்டவாளத்துல வேலை செய்யறவங்களுக்குத் தூரத்துலயே தெரியணும். அதுக்காக பிரிட்டனில் 1960-கள் ஆரம்பத்துல சின்ன மஞ்சள் பலகை மாதிரி முன்பக்கம் அடிக்க ஆரம்பிச்சு அப்புறம் முகம் முழுக்க மஞ்சளாச்சு. நல்ல ஹெட்லைட் இருந்தா மஞ்சள் கட்டாயம் இல்லன்னு 2016-ல விதியைத் தளர்த்திட்டாங்க. மாடல் பண்றவங்களுக்கு இது தங்கம் மாதிரி, மஞ்சள் எவ்ளோ இருக்குன்னு பாத்தே அந்த இன்ஜின் ஏறக்குறைய எந்த வருஷம்னு சொல்லிடலாம்.

ஜப்பான்ல இது உல்டா. முழு மஞ்சள்ல ஓடற டாக்டர் யெல்லோ பயணிகள் ரயிலே இல்ல, தண்டவாளத்தையும் மேல போற கரண்ட் கம்பியையும் சோதிக்கற ஷின்கான்சென், அதாவது புல்லட் ரயில். எப்போ ஓடும்னு டைம்டேபிள்ல வராததால பாத்தா அதிர்ஷ்டம்னு ஜனங்க நம்ப ஆரம்பிச்சுட்டாங்க.

"பச்சை"ன்னு எழுதியிருக்கு, போட்டோல மஞ்சளா இருக்கே?

அனேகமா வில்லியம் ஸ்ட்ரவுட்லி இன்ஜின் பாத்திருப்பீங்க. லண்டன் பிரைட்டன் கம்பெனிக்கு 1870-ல வந்தவர், அவர் இன்ஜின்களுக்கு அடிச்ச கலர் பேரு "இம்ப்ரூவ்டு இன்ஜின் கிரீன்", ஆனா பாத்தா கடுகு-தங்க மஞ்சள். அவருக்கு நிறக்குருடுன்னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது, நான் அதை நம்பறதில்ல, பழைய பச்சையை விட மேம்பட்டதுன்னு பேர் வெச்சாருன்னு எடுத்துக்கறது நல்லது. இதுல பாடம் என்னன்னா கலரோட பேரை நம்பி டப்பா வாங்காதீங்க.

கம்பெனி கை மாறும்போது கலர் என்ன ஆகும்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான், ஏன்னா கற்பனை லிவரிக்கான விதை எல்லாம் இங்கதான் இருக்கு. ஒரே ராத்திரில ஆயிரம் இன்ஜினுக்கு பெயிண்ட் அடிக்க முடியாது. அதனால பழைய பேரை மட்டும் ஒரு சதுரம் பெயிண்ட் பூசி மறைச்சு மேல புது எழுத்து, புது நம்பர் போட்டு ஓட்டுவாங்க, இதுக்கு பேட்ச்னு பேரு. ஒரு ரயில்ல மூணு இன்ஜின் இருந்தா மூணும் மூணு கலர்ல இருக்கும்.

1971 மே 1-ஆம் தேதி அமெரிக்காவுல ஆம்ட்ராக் ஆரம்பிச்சப்போ 20 கம்பெனிகளோட பயணிகள் ரயிலை எடுத்துக்கிட்டாங்க, கோச் எல்லாம் அந்தந்தக் கம்பெனி கலர்லயே கலந்துகட்டி ஓடுச்சு, பச்சைக்குப் பின்னாடி ஆரஞ்சு அதுக்குப் பின்னாடி வெள்ளி. அந்தக் காலத்தை வானவில் காலம்னே சொல்றாங்க. கையில இருக்கற கோச் எதையும் சேத்து ஓட்டலாம், யாரும் தப்புன்னு சொல்ல முடியாதுங்கறதால மாடல் ஆளுங்களுக்கு இது சொர்க்கம்.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. சான்டா ஃபேயும் சதர்ன் பசிபிக்கும் ஒண்ணா சேரப்போறோம்னு 1983-ல அறிவிச்சாங்க, அனுமதி வரதுக்கு முன்னாடியே சிவப்பு-மஞ்சள்-கருப்புல ஒரு லிவரி தயார் பண்ணி நூத்துக்கணக்கான இன்ஜினுக்கு அடிச்சும் தள்ளிட்டாங்க. கோடாக்ரோம் கேமரா ஃபிலிம் டப்பா மாதிரி இருந்ததால ஜனங்க வெச்ச பேரும் கோடாக்ரோம். சதர்ன் பசிபிக்குக்கு எஸ்பி, சான்டா ஃபேக்கு எஸ்எஃப், சேர்த்து நாலு எழுத்து வரணும், ஆனா சேர்ற வரைக்கும் ரெண்டு கம்பெனியும் தங்களோட ரெண்டு எழுத்தை மட்டும் எழுதிட்டு மிச்ச ரெண்டுக்கு இடத்தைக் காலியா விட்டு வெச்சாங்க. 1986-ல அரசு ஆணையம் இணைப்பு கூடாதுன்னு சொல்லிடுச்சு. அந்தக் காலி இடம் அப்படியே காலியாவே ஓடுச்சு! எஸ்பிஎஸ்எஃப்-க்கு "இவ்ளோ வேகமா பெயிண்ட் அடிச்சிருக்கக் கூடாது"ன்னு இங்கிலீஷ்ல விரிவாக்கம் சொல்லி இன்னிக்கும் சிரிக்கறாங்க. பெயிண்ட் நிஜம், ரயில்வே கற்பனை.

சரி, கற்பனை லிவரின்னா எது எதைச் சொல்லலாம்?

மூணு நாலு விதம் இருக்கு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்தும் வரும். இல்லாத ஒரு ரயில்வேயை நீங்களே உருவாக்கி அதுக்குக் கலர் குடுக்கறது ஒண்ணு. மூடிப்போன கம்பெனி இன்னும் ஓடிட்டிருந்தா இன்னிக்கு இன்ஜினுக்கு எப்படி அடிச்சிருப்பாங்கன்னு யோசிக்கறது இன்னொண்ணு. நடக்காத இணைப்பு நடந்திருந்தா, அது வேற. அப்புறம் பொம்மைக் கம்பெனிங்க பண்றது, கையில ஒரே ஒரு இன்ஜின் அச்சு இருக்கும், அந்த வகை இன்ஜினையே வாங்காத கம்பெனிங்க கலரை எல்லாம் அதுல அடிச்சு வித்துடுவாங்க. இதை வாங்கினவங்களைப் பாத்து சிரிக்கறவங்க இருக்காங்க, நான் அந்தக் கூட்டத்துல இல்ல, என்னோட முதல் இன்ஜினே அந்த ரகம்தான்.

கற்பனைதானே, எப்படி வேணா அடிக்கலாம்ல?

அடிக்கலாம், உங்க இன்ஜின். ஆனா பாக்கறவங்க "அட, இது எந்த ரயில்வே, கேள்விப்பட்டதே இல்லையே"ன்னு கேக்கணும்னா நிஜ ரயில்வேயை என்னென்ன கட்டிப்போட்டுச்சோ அதெல்லாம் உங்களையும் கட்டிப்போடணும். காசு யார் குடுத்தது? பணக்கார பயணிகள் ரயிலா இருந்தா மூணு கலர், வளைவு, தங்கக் கோடு எல்லாம் ஓகே, நிலக்கரி ஏத்தற சின்ன லைன்னா ஒரே கலர், ஸ்டென்சில் எழுத்து, முடிஞ்சுது. எந்த அழுக்கு ஒட்டும்? சிமெண்ட் ஏத்தற ரயில்வே கருப்பு அடிச்சா நாலு நாள்ல சாம்பலாயிடும், அவங்களே முதல்லயே சாம்பல்தான் அடிப்பாங்க. யாருக்குத் தெரியணும்? அதைத்தான் மஞ்சள் முகத்துல பாத்தோம்.

எல்லாத்தையும் விட முக்கியம் வருஷம். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு வாசனை இருக்கு. 1970-கள்னா ஆரஞ்சு, பழுப்பு, பெரிய பட்டை. பிரான்ஸ்ல டிஜிவிங்கற அதிவேக ரயிலோட சோதனை ரயில் 1972-ல ஆரஞ்சு, 1981-ல ஓட ஆரம்பிச்ச நிஜ ரயிலும் ஆரஞ்சு. ஜெர்மனில 1974-ல நீலம்-பீஜ் வந்துச்சு. பிரிட்டன்ல 1965-ல இருந்து நாடு முழுக்க ஒரே ரயில் புளூ, கூடவே அந்த இரட்டை அம்பு சின்னம், அந்தக் காலத்து கம்பெனிங்க எல்லாம் ஒரே முகம், ஒரே எழுத்துன்னு திரும்பினதோட சாயல் அது. நீங்க 1955-ல நடக்கற மாதிரி லேஅவுட், அதாவது மாடல் ரயில் ஓடற ஊரும் தண்டவாளமும், போட்டுட்டு இன்ஜின்ல சாய்வா ஓடற பட்டையும் கம்ப்யூட்டர் எழுத்தும் போட்டீங்கன்னா எங்கயோ இடிக்குதேன்னு கண்ணு சொல்லிடும், காரணம் சொல்லத் தெரியலன்னாலும்.

நீங்க பண்ண கற்பனை லிவரி எப்படி இருந்துச்சு?

கேவலமா. முதல் தடவை காபி பழுப்பு, க்ரீம், நடுவுல சிவப்புப் பட்டை, மூக்குல ஒரு கழுகு, கூரைக்கு வெள்ளி, எனக்குத் தெரிஞ்ச அழகு எல்லாத்தையும் ஒரே இன்ஜின் மேல கொட்டிட்டேன். நண்பர் ஒருத்தர் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, "இந்த ரயில்வே என்ன ஏத்துது?"ன்னு. பதில் இல்ல. ரெண்டு நாள் அவர் மேல கோவம்.

அப்புறம் உக்காந்து யோசிச்சேன். மலை, காடு, மரக்கட்டை, ஒரு சிமெண்ட் ஃபேக்டரி, காசு இல்லாத கம்பெனி. காசு இல்லாதவன் புது இன்ஜின் வாங்க மாட்டான், பெரிய ரயில்வே கழிச்சு விட்டதை வாங்குவான், வாங்கினதுக்கு முழுசா பெயிண்ட்டும் அடிக்க மாட்டான். அதனால அடுத்த இன்ஜினை வெளிறிப்போன பழைய நீலத்துலயே விட்டுட்டு பேர் இருந்த இடத்தை மட்டும் லேசா வேற ஷேடு நீலத்துல மறைச்சு வெள்ளையில நம்பர் போட்டேன். வேலை ஒரே சாயங்காலம். பாத்தவங்க எல்லாரும் இது எந்த ஊர் ரயில்வேன்னு கேக்கறாங்க.

நிஜ இன்ஜினுக்கே கற்பனை லிவரி அடிக்கறது உண்டா?

நிறைய. ஓல்டன் ஹால்னு ஒரு நீராவி இன்ஜின், 1937-ல ஸ்விண்டன்ல கட்டினது, நம்பர் 5972, கிரேட் வெஸ்டர்ன் கம்பெனின்னா பச்சைதான், அது அவங்க அடையாளம். மாயாஜாலப் பள்ளிக்கூடம் பத்தின படத்துக்காக அதைச் செக்கச்செவேல்னு அடிச்சிட்டாங்க, உலகத்துல பாதிப் பேருக்கு நீராவி இன்ஜின்னாலே இப்போ அந்தச் சிவப்புதான். பழைய ரசிகருங்க பொங்கினாங்க. எனக்கு அந்தச் சிவப்பு பிடிக்கும், சொல்லிட்டேன்.

அமெரிக்காவுல யூனியன் பசிபிக் 2005, 2006-ல தாங்க விழுங்கின ஆறு கம்பெனிகளோட கலரை ஆறு புது இன்ஜின்ல அடிச்சாங்க, நார்ஃபோக் சதர்ன் 2012-ல இருபது இன்ஜின். கலர் எல்லாம் நிஜம், ஆனா அந்த இன்ஜின் பொறக்கறதுக்கு முன்னாடியே அந்தக் கம்பெனிங்க காணாம போயிடுச்சு. நாம வீட்ல மேஜை மேல பண்றதை அவங்க 200 டன் இரும்புல பண்ணிட்டாங்க, இதுக்கப்புறம் "இப்படி ஒண்ணு இருந்ததே இல்ல"ன்னு யாராவது குறை சொன்னா இதைக் காட்டுங்க.

ஒரிஜினல் கலர் நம்பர் வெச்சே பெயிண்ட் வாங்கினேன், மாடல் ரொம்ப இருட்டா தெரியுதே?

நம்பர் தப்பில்ல, அளவுதான் காரணம். ராலுங்கற கலர் நம்பர் முறையில ஜெர்மன் ரயில் சிவப்புன்னா ரால் 3020, அவங்க ஐசிஇ அதிவேக ரயிலோட வெளிர் சாம்பல்னா ரால் 7035, இது நிஜ ரயிலுக்குச் சரி. 1:87 அளவு, அதாவது நிஜத்துல 87-ல ஒரு பங்கு இருக்கற மாடலை அரை மீட்டர் தள்ளி வெச்சு பாக்கறது நிஜ ரயிலை 43 மீட்டர் தூரத்துல இருந்து பாக்கற மாதிரி. அவ்ளோ தூரத்துல நடுவுல இருக்கற காத்து கலரைக் கொஞ்சம் வெளுத்துக் காட்டும். மாடலுக்கும் கண்ணுக்கும் நடுவுல அந்தக் காத்து கிடையாது, போதாக்குறைக்கு வீட்டு லைட் வெயிலுக்குப் பக்கத்துலயே வராது. அதனால கொஞ்சம் வெள்ளையோ வெளிர் சாம்பலோ கலந்து வெளுப்பாக்கிக்கோங்க, சிவப்புக்கு வெள்ளை விட்டா ரோஸ் ஆயிடும், அதுக்கு ஒரு துளி ஆரஞ்சு விடுங்க. 1:160 மாதிரி சின்ன அளவுன்னா இன்னும் வெளுக்கணும். கருப்பை எப்பவுமே சுத்தக் கருப்பா அடிக்காதீங்க, கரும் சாம்பல் அடிங்க, அப்போதான் ரிவெட், கதவு இடுக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். முடிவு பண்றதுக்கு முன்னாடி லேஅவுட்டுக்கு மேல போட்டிருக்கற அதே பல்பு வெளிச்சத்துல பாருங்க.

எந்த வரிசையில அடிக்கணும்?

கழட்டு, கழுவு, பிரைமர்ங்கற அடிப்பூச்சு, வெளிர் கலர், அடர் கலர். பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணில கழுவி நல்லா காயவிட்டு அப்புறம் விரல் படாம கையுறையோட பிடிங்க, விரல் எண்ணெய் பட்ட இடத்துல பெயிண்ட் உரியும். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்த லிவரின்னா மஞ்சள் முதல்ல, அதுவும் வெள்ளை பிரைமர் மேல, சாம்பல் மேல மஞ்சள் அடிச்சா பச்சை தட்டும். காத்தால பெயிண்ட் தெளிக்கற ஏர்பிரஷ்னா 15-20 பிஎஸ்ஐ காத்தழுத்தம் போதும், ஒரே பூச்சுல மூடணும்னு நினைக்காதீங்க, நாலு மெல்லிய பூச்சு.

மாஸ்கிங் டேப் ஒட்டினதும் நேரா அடுத்த கலருக்குப் போகாதீங்க. டேப் ஓரத்துல ஏற்கனவே அடியில இருக்கற கலரையே ஒரு தடவை லேசா விடுங்க, இடுக்கு இருந்தா அதுல போய் அடைச்சுக்கும், ஒரே கலருங்கறதால தெரியாது, அதுக்கு மேல புதுக் கலர் அடிச்சா கோடு கத்தி மாதிரி நிக்கும். இது தெரியாம நான் வருஷக்கணக்கா ஓரம் கசிஞ்ச ரயிலா ஓட்டிட்டிருந்தேன்.

மெல்லிய கோடும் எழுத்தும் கையால போட முடியுமா?

ஒரு இன்ச் கோடு 1:87-ல 0.3 மில்லிமீட்டர் கூட வராது. வரை பேனா வெச்சு கையால போடறவங்க இருக்காங்க, கும்பிடறேன் அவங்களை. மத்தவங்களுக்கு டெகால், தண்ணில நனைச்சு ஒட்டற மெல்லிய ஸ்டிக்கர். ஒட்டறதுக்கு முன்னாடி அந்த இடத்துல பளபளப்பான வார்னிஷ் கட்டாயம், பளபளப்பில்லாத மேட் பரப்பு சொரசொரப்பா இருக்கும், டெகாலுக்கு அடியில காத்து மாட்டிக்கிட்டு வெள்ளி பூத்த மாதிரி தெரியும். ஒட்டி முடிச்சு அரைப் பளபளப்பான சாட்டின் வார்னிஷ் அடிச்சா டெகால் ஓரம் மறைஞ்சுடும். வீட்டு பிரிண்டர்ல டெகால் போடறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, சாதா பிரிண்டருக்கு வெள்ளை அச்சடிக்கத் தெரியாது, நீலத்து மேல வெள்ளை எழுத்து வேணும்னா வெள்ளை டோனர் இருக்கற இடத்துல அடிச்சு வாங்கணும். கற்பனை லிவரி டிசைன் பண்ணும்போதே இதை யோசிச்சுக்கோங்க, வெளிர் உடம்புல கருப்பு எழுத்துன்னு வெச்சா பாதி வேலை மிச்சம்.

கஷ்டப்பட்டு அடிச்சதை அழுக்காக்கணுமா?

உங்க இஷ்டம். ஜான் ஆலன்னு ஒருத்தர், 1973-ல இறந்தாரு, எல்லாரும் மாடலைப் பளபளன்னு வெச்சிருந்த காலத்துல துருவும் புகையுமா ரயில் பண்ணிக் காட்டினவர், அவருக்கப்புறம்தான் இது ஒரு கலையாவே ஆச்சு. அழுக்கும் காரணத்தோட வரணும். கீழ பிரேக் தூசு பழுப்பு, மேல புகைக்கரி, பக்கவாட்டுல மழை இழுத்த கோடு செங்குத்தா. நம்பரை மட்டும் துடைச்சு வெச்சிருப்பாங்க, அது படிக்கத் தெரியணும்ல.

ரோஸ் கலர் இன்ஜின் அடிச்சா சிரிப்பாங்களா?

லயனல்ங்கற பொம்மை ரயில் கம்பெனி 1957-ல பொண்ணுங்களுக்குன்னு ரோஸ் கலர் நீராவி இன்ஜின் செட் விட்டாங்க. விக்கல. நிஜ ரயில் மாதிரி இருக்கறதுதான் அந்தப் பொண்ணுங்களுக்கும் வேண்டியிருந்துச்சு போல. இப்போ அதே செட்டுக்கு சேகரிக்கறவங்க அடிச்சுக்கறாங்க. அதனால தைரியமா அடிங்க.

நிஜ கம்பெனி சின்னத்தைப் போட்டா பிரச்சனை வருமா?

வீட்ல உங்க மாடலுக்குப் போட்டுக்கறதைப் பத்தி யாரும் கேக்கறதில்ல. அச்சடிச்சு விக்கறதுன்னா வேற கதை. யூனியன் பசிபிக் தன்னோட சின்னம், தான் விழுங்கின கம்பெனிங்க சின்னம் எல்லாத்துக்கும் மாடல் கம்பெனிங்ககிட்ட காசு கேட்டு கோர்ட்டுக்கே போச்சு, 2006-ல எம்டிஹெச்ங்கற மாடல் ரயில் கம்பெனியோட சமாதானம் ஆனப்புறம்தான் அந்தக் கட்டணத்தை விட்டாங்க. கற்பனை ரயில்வேயில இருக்கற ஒரு சௌகரியம் இது, சின்னமும் உங்களுது.

அடிச்சு முடிச்சப்புறம் பிடிக்கல, எடுக்க முடியுமா?

முடியும். மோட்டார், கண்ணாடி, லைட் எல்லாம் கழட்டிட்டு பிளாஸ்டிக் பாடியை 90 சதவீதத்துக்கு மேல உள்ள ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ஊறப்போட்டு பழைய டூத்பிரஷ்ஷால தேய்ங்க, முதல்ல உள்பக்கம் ஒரு மூலையில சோதிச்சுப் பாத்துட்டு. ஜன்னல் திறந்து வெச்சுக்கோங்க, பக்கத்துல நெருப்பு கூடாது. பிரேக் ஆயில்னு சிலர் சொல்லுவாங்க, சில பிளாஸ்டிக் அதுல நொறுங்கிடும், எனக்கு ஒரு பாடி அப்படித்தான் போச்சு. தின்னர் மெட்டல் பாடிக்கு மட்டும்.

அந்தக் கழுகு போட்ட இன்ஜினையும் இப்படித்தான் எடுத்தேன், மூணு ராத்திரி ஊறுச்சு. டிரைவர் ஜன்னல் மூலையில மட்டும் கொஞ்சம் காபி பழுப்பு போகவே இல்ல. அப்படியே மேல நீலம் அடிச்சு ஓரத்துல லேசா சுரண்டி விட்டேன், பாக்கறவங்க அதை அந்த இன்ஜினோட முந்தின ஓனர் கலர்னு நினைச்சுக்கறாங்க.